தாத்தாவின் சைக்கிள்

அன்புள்ள தம்பி,

பணம் வந்து சேர்ந்தது. பாஸ்புக்கில் உன் பெயருக்குப் பதில் வேறு யாரோ ஒரு பையன் பெயர் இருந்தது. சரி, ஏதோ அவசரத்துக்கு அப்படி அனுப்பியிருப்பாய், நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கம்மாவிடம் பாஸ்புக்கைக் காட்டவில்லை. என் போனை அவள்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறாள், அதனால்தான் வாட்ஸ்அப் வேண்டாம் என்று இதை மெயிலில் எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்டை உன் கையிலேயே வைத்துக்கொள். யார் கேட்டாலும் கொடுக்காதே.

2025 ஜூன் 23 ராத்திரி நீ இருக்கும் தோஹா வானத்தில் ஏவுகணை பறந்ததை நாங்கள் டிவியில்தான் பார்த்தோம். நீ அனுப்பியது ஒரே வரி, "நல்லா இருக்கேன்பா, நியூஸ் பாக்காதீங்க." அன்றிலிருந்து இன்று வரை உன்னிடமிருந்து வருவதெல்லாம் அதே "நல்லா இருக்கேன்பா"தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாயி ஞாபகம் வருகிறது. உனக்கு அவள் சொன்னதெல்லாம் அந்த மிருகக்காட்சி சாலைக் கதை மட்டும்தான். உன்னை "எம்டன், எம்டன்" என்று மடியில் போட்டுக்கொண்டு அதையே நூறு தடவை சொல்லியிருப்பாள். மீதியை எனக்குத்தான் சொன்னாள், நானும் அரைகுறையாகத்தான் கேட்டேன்.

1942 ஏப்ரல் 5 ஞாயிற்றுக்கிழமை ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். மறுநாளே விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மதராஸ்தான் என்று ஊரே கிளம்பிவிட்டது. அவசியம் இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போய்விடலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் பார்க் டவுன் மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலி, கரடியை எல்லாம் சுட்டுக் கொன்றார்கள், நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாயே, அதுதான். அப்போது அப்பாயிக்கு வயது 18, பெரியப்பா வயிற்றில். எழும்பூரில் கும்பகோணம் ரயிலில் ஜன்னல் வழியாகத் தூக்கி உள்ளே போட்டார்களாம். தாத்தாவுக்குத் துறைமுகத்தில் கணக்கு எழுதும் வேலை, விட்டுவிட்டு வர முடியாது. பிளாட்பாரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பாள். அந்தச் சைக்கிளை ஞாபகம் வைத்துக்கொள்.

அதற்கப்புறம் தபால் கார்டுதான். மாதம் இரண்டு கார்டு, மணியார்டர் ஒன்று. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டு வாத்தியார் பெண்டாட்டிதான் படித்துச் சொல்வாள், அதுவும் கூடத்தில் எல்லார் முன்னாலும். புருஷன் எழுதியதை அடுத்தவள் வாயால் கேட்கப் பிடிக்காமல், பெரியப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே, அந்த வீட்டுச் சின்னப் பெண்ணிடம் தவிட்டில் விரலால் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டாள். அந்த யுத்தம் வந்திருக்காவிட்டால் நம் வீட்டுப் பெண்களுக்கு எழுத்து வர இன்னும் ஒரு தலைமுறை ஆகியிருக்கும். அவள் தானாகப் படித்த முதல் வார்த்தை "சௌக்கியம்". "சௌ"வில் தடுக்கித் தடுக்கி நின்று படித்தேன் என்பாள். எல்லாக் கார்டிலும் அதே வார்த்தை இருந்ததால் பழகிவிட்டது. "இங்கு சௌக்கியம். அவ்விடம் சௌக்கியத்திற்குப் பதில் எழுதவும்."

ஆனால் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? இதை நான் சொல்லலாம், 31 வருஷம் ரேஷன் கடையில் தராசு பிடித்தவன். நான் உட்கார்ந்த அந்த நாற்காலியே அந்த யுத்தம் போட்டதுதான். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அதோடு பர்மா அரிசி நின்றது. மதராஸில் நிறையப் பேர் ரங்கூன் அரிசி தின்று வளர்ந்தவர்கள். வங்காளத்தில் அடுத்த வருஷமே லட்சக்கணக்கில் செத்தார்கள், அதற்கு அரிசி வராதது மட்டும் காரணம் இல்லை, இருந்ததைப் பதுக்கியதும் விலை ஏறியதும் காரணம். இங்கேயும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் 1943-ல் ரேஷன் கார்டு போட்டு அவுன்ஸ் கணக்கில் அளந்து கொடுத்தார்கள். பணக்காரனும் கூலிக்காரனும் ஒரே வரிசையில் பையோடு நின்றது அப்போதுதான். அரிசி போதாததற்குக் கோதுமையைத் தலையில் கட்டினார்கள். அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. தாத்தா இடித்துக் கஞ்சியாகக் காய்ச்சி இரண்டு வேளை குடித்திருக்கிறார், தனியாக, ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிய அறையில். மண்ணெண்ணெய் கிடையாது. சில்லறைக்குப் பஞ்சம், செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடியது. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் ஒன்று வந்து துறைமுகத்துப் பக்கமே குண்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்த வாரம் வந்த கார்டு, "இங்கு சௌக்கியம். குழந்தை நடக்கிறானா?"

1944 தொடக்கத்தில் அப்பாயி திரும்பிப் போனாள். பெரம்பூர் வீட்டுத் திண்ணையில் சைக்கிளைக் காணோம். மலேயா ஜப்பான் கையில், ரப்பர் வரத்து இல்லை, டயர் நன்றாக இருக்கும் சைக்கிளுக்கு நல்ல கிராக்கி. அதை விற்றுத்தான் மூன்று மாதம் மணியார்டர் அனுப்பியிருக்கிறார். பெரம்பூரிலிருந்து துறைமுகத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தே போய் வந்திருக்கிறார். அப்பாயி நாலு நாள் அவரோடு பேசவில்லை. விற்றதற்காக இல்லை தம்பி. "கோதுமைக் கஞ்சி குடிக்கிறேன், கால் வலிக்குது, பயமா இருக்குன்னு ஒரு வரி எழுதியிருந்தா நானும் அரை வயிறு சாப்பிட்டிருப்பேனே, அவர் நடக்கிறப்ப நான் மூணு வேளையும் சோறு தின்னுட்டு சௌக்கியம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே" என்று கடைசிக் காலத்தில்கூட அழுதாள்.

நீ சமர்த்து. இத்தனை வருஷத்தில் ஒரு மாதம்கூடப் பணம் தவறியதில்லை, தெருவில் எல்லாரும் உன்னைத்தான் உதாரணம் சொல்கிறார்கள். அதற்காக இப்படியா ஒற்றை வரியில் எழுதுவது? பாஸ்போர்ட் உன்னிடம்தானே இருக்கிறது? தண்ணீர் நிறையக் குடி. வெயில் நேரத்தில் வெளியே அலையாதே, வேலை விஷயமாக என்றாலும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஆறு வருஷமாகச் சொல்லாமல் இருக்கிறேன்.

2019 பொங்கலுக்கு வந்தபோது கொல்லையில் நின்று "அப்பா, நான் திரும்பப் போகலை, இங்கயே ஏதாவது பாத்துக்கிறேன்" என்றாய். வீட்டுக் கடன் இன்னும் இருக்கிறதே, இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொள் என்றேன். நீ மறுபேச்சு பேசவில்லை. கடன் இல்லை தம்பி. அதற்கு முந்தைய தீபாவளிக்கே கட்டி முடித்து, பத்திரத்தையும் வாங்கி வந்துவிட்டேன். எதிர்வீட்டில் மாடி எடுத்திருந்தார்கள். நமக்கும் ஒரு மாடி வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காக உன்னிடம் கடன் என்று பொய் சொன்னேன். உங்கம்மாவுக்கும் தெரியாது. 31 வருஷத்தில் ஒரு கார்டுக்குக்கூட நூறு கிராம் குறைத்து நிறுத்தியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவன், என் பிள்ளைக்குக் குறைத்து நிறுத்திவிட்டேன். அன்றைக்கு உன்னை இருக்கச் சொல்லியிருந்தால் ஜூன் 23 ராத்திரி நீ இந்தக் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்திருப்பாய்.

மன்னிப்பு கேட்க இதை எழுதவில்லை. நீ எனக்கு மறைக்க வேண்டியது எதுவும் இல்லை என்பதற்காக எழுதுகிறேன். இப்போது நம்மிடம் கடன் ஒரு பைசா இல்லை, என் பென்ஷனும் உங்கம்மா பாலில் எடுப்பதும் மூன்று பேருக்குத் தாராளமாகப் போதும்.

பதில் போடும்போது நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, எந்த அறையில் படுக்கிறாய், காலையில் எத்தனை மணிக்கு எங்கே கிளம்புகிறாய் என்று எழுது. அந்தப் பையன் யார் என்றும் எழுது, அவனுக்குக் கொடுக்க வேண்டியது இருந்தால் நான் அனுப்புகிறேன்.

மாடி அறையில் இதுவரை யாரும் படுத்ததில்லை. நேற்று நானே பெருக்கித் துடைத்தேன். கிழக்கு ஜன்னலுக்குக் கொக்கி சரியாக விழவில்லை, ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறேன் என்றார்.

அப்பா