தூக்கி எறியும் விளக்குகளுக்கு மாற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் எங்கள் விறாந்தையில் இருந்த எல்.ஈ.டி. பனல் விளக்கு அணைந்துபோனது. பழுதானது, மின்சாரத்தை எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் உள்ளே இருக்கும் சிறிய டிரைவர் மட்டும்தான். அது தனியாகக் கிடைக்காது, முழுவதையும் மாற்றுங்கள் என்றார் கடைக்காரர். நல்ல நிலையில் இருந்த பிளாஸ்டிக் சட்டமும் மூடியும் குப்பைக்குப் போயின. 2017 ஏப்ரலில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்களைப் பறித்ததைப் பார்த்தவர்கள் நாம். மனம் கேட்கவில்லை.

சோளம், கரும்பு போன்றவற்றிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற உயிர்பிளாஸ்டிக்கில், முப்பரிமாண அச்சு இயந்திரம் கொண்டு விளக்கு மூடிகளைச் செய்யலாம். அது சுமார் 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். பழைய இழை மின்குமிழுக்குச் சரிவராது, சூடு குறைந்த சிறிய எல்.ஈ.டி.க்குப் போதும். மின்சாரம் தொடும் ஹோல்டருக்கு மட்டும் எளிதில் தீப்பிடிக்காத பொருள்தான் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அப்புறம், பி.எல்.ஏ.யை முற்றத்தில் புதைத்தால் லேசில் உக்காது. வெப்பம் கூடிய கூட்டெரு நிலையம் தேவை. 'உக்கும் பிளாஸ்டிக்' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தவை நம் கைக்கெட்டிய சிரட்டை, தும்பு, பழைய போத்தல், அலுமினியத் தகடு. வெசாக் காலத்தில் மூங்கிலும் கடதாசியும் கொண்டு விளக்குக் கூடு கட்டும் கைகள் கொழும்பில் எத்தனை! அவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்கலாமே. டிரைவரைக் கழற்றி மாற்றும்படி யாராவது இங்கேயே விளக்கு செய்தால், கூடுதல் விலை கொடுத்தும் வாங்குவேன்.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6