கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

டல்லாஸ் பக்கம் நீயும் மாப்பிள்ளையும் புதுவீடு பார்த்து வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். மகிழ்ச்சி. ஆனால் "பத்து ஆண்டு உத்தரவாதம் உண்டு அப்பா, நியூ ஜெர்சியில் எல்லாரும் அப்படித்தான் வாங்கினார்கள்" என்று தொலைபேசியில் சொன்னாயே, அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நியூ ஜெர்சியில் அது உண்மைதான். நீங்கள் வாங்கப்போவது டெக்சஸில்.

இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் வாங்கினாலும் செங்காங்கில் வாங்கினாலும் விதி ஒன்றுதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசாங்க வீடென்றால் சாவி வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் குறைகளைச் சொல்லலாம். அதற்குப் பிறகும் குளியலறை, சமையலறைக் கூரை ஒழுகலுக்கும் வெளிச்சுவர்க் கசிவுக்கும் 5 ஆண்டு, கான்கிரீட் பெயர்ந்தால் 10 ஆண்டு. அதே பழக்கத்தில் அங்கேயும் நாடு முழுக்க ஒரே சட்டம் என்று நினைத்துவிட்டாய்.

நியூ ஜெர்சி 1977இலேயே சட்டம் போட்டுவிட்டது. கட்டுநர் பதிவு செய்தாக வேண்டும். வேலைத் தரத்துக்கு 1, குழாய், மின்சாரம் போன்றவற்றுக்கு 2, பெரிய கட்டமைப்புக் குறைக்கு 10 ஆண்டு உத்தரவாதம் தந்தாக வேண்டும். டெக்சஸில் வீடு கட்டுவதற்கு மாநில உரிமமே கிடையாது! 2003இல் இதற்கென ஓர் ஆணையம் அமைத்தார்கள். 2009இல் சட்டமன்றம் அதை நீட்டிக்கவில்லை. குறை இருந்தால் வழக்குக்கு 60 நாள் முன்பே கட்டுநருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். 2023இல் வந்த திருத்தம்தான் எனக்கு உறுத்துகிறது. வேலைத் தரத்துக்கு 1, குழாய், மின்சாரம் போன்றவற்றுக்கு 2, பெரிய கட்டமைப்புக்கு 6 ஆண்டு என்று கட்டுநர் எழுத்து உத்தரவாதம் கொடுத்துவிட்டால், வழக்குப் போட முன்பிருந்த 10 ஆண்டுக் காலம் 6 ஆகச் சுருங்கிவிடும்.

ஆறு ஆண்டு போதாதா என்று மாப்பிள்ளை கேட்பார். டல்லாஸ் மண் களிமண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அடித்தளம் ஒரே நாளில் பிளப்பதில்லை. முதலில் ஒரு கதவு இடிக்கும், பிறகு சன்னல் மூலையில் மயிரிழை போல ஒரு கோடு. முப்பது ஆண்டு கட்டுமானத் தளங்களில் நின்றவன் சொல்கிறேன், அந்தக் கோட்டை யாரும் முதல் ஆண்டில் பார்ப்பதில்லை.

ஆகவே சட்டம் தராததை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கு. தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் நடுவரிடமே தீர்க்க வேண்டும் என்ற வரி இருக்கிறதா, நடுவரை யார் தேர்ந்தெடுப்பது என்று பார். அடித்தளம் ஊற்றும் முன் ஒருமுறை, சுவர்ப் பலகை மூடும் முன் ஒருமுறை, உன் செலவில் உன் ஆளை விட்டுச் சோதித்துவிடு. விற்பனைப் பெண் எவ்வளவு இனிமையாகச் சிரித்தாலும் வாய்மொழி வேண்டாம். மின்னஞ்சல் அனுப்பு, படத்தோடு.

நம் வீட்டுச் சாவி வாங்கிய அன்று, ஐம்பது காசு நாணயத்தால் தரை ஓடுகளைத் தட்டிக்கொண்டே போனேன். நீ பின்னாலேயே கோலிக்குண்டை உருட்டிக்கொண்டு வந்தாய். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நீதான் சொன்னாய். அந்தக் குண்டு இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

உத்தரவாதப் பக்கங்களைப் படம் எடுத்து இன்றிரவே அனுப்பு. முன்பணம் கட்டிவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கட்டவில்லை என்றே நம்புகிறேன்.

அன்புடன்,
அப்பா