ஆண்டறிக்கை: லாவெண்டரைத் தேடிப் போய் நெல்வயலைக் கண்ட வருடம்

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விழாவும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் வழக்கம்போல நடந்தன, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், அதனால் நான் நேராகச் சுற்றுலாவுக்கு வந்துவிடுகிறேன். தென் பிரான்சின் ப்ரோவான்ஸ் பகுதியைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறது, அங்கேயே மார்சே நகரில் இருபது வருடமாக இருக்கிற நமக்கு வேலையும் வாரச்சந்தையும் விட்டால் வேறென்ன தெரியும் என்று போன பொதுக்குழுவில் ஒரு அக்கா கேட்டாரே, அதில் ஆரம்பித்தது.

முதலில் லாவெண்டர் வயலுக்குப் பேர்போன வலோன்சோல். ஜூலை கடைசியில் தேதி குறித்தது நான்தான், திட்டு வாங்கியதும் நான்தான். அங்கே பூ ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை நடுவோடு சரி, நாம் போனபோது பெரும்பாலும் அறுத்துவிட்டார்கள், வெறும் அடித்தண்டும் எண்ணெய் காய்ச்சுகிற வாசனையும்தான். அங்கிருந்த விவசாயி ஒருவர் சொன்னார்: நாம் லாவெண்டர் என்று படம் பிடிப்பதில் பெரும்பகுதி லவாந்தாங் என்ற கலப்பினமாம். விதை பிடிக்காது, தண்டை வெட்டித்தான் நட வேண்டும், ஆனால் எண்ணெய் நிறைய இறங்கும், அதனால் சோப்புக்குப் போகிறது. அசல் லாவெண்டருக்கு உயரமான மலைப்பக்கம் வேண்டும். சோ ஊர்ப்பக்கம் இன்னும் உயரம், பூவும் தாமதம், அங்கே போயிருந்தால் தப்பித்திருப்போம்.

அடுத்து கலாங்க், அதாவது மார்சே பக்கத்தில் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கடல் புகுந்த குடாக்கள். சுஜித்தோன் குடாவுக்குக் கோடையில் ஒரு நாளைக்கு 400 பேர்தான், 2022 முதல் முன்பதிவு இல்லாமல் விடுவதில்லை, காசு கிடையாது. பதிவு செய்தவர்கள் குளித்தார்கள், செய்யாதவர்கள் மேலே பைன் நிழலில் புளிச்சோறு காத்தார்கள். அன்று மாலை புய்யாபேஸ் என்ற மார்சே மீன் குழம்பு. உணவகத்தில் கேட்ட விலைக்கு நாமே சமைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் வீட்டில் அடுப்பு பற்றவைத்தோம். விற்காமல் மிஞ்சிய முள் மீனைப் போட்டு மீனவர்கள் காய்ச்சிய குழம்புதான் இது, இன்று பணக்காரச் சாப்பாடு. 1980இல் உணவகக்காரர்கள் எழுதிவைத்த விதிப்படி குறைந்தது நாலு வகை மீனாவது வேண்டும். முதலில் குங்குமப்பூ போட்ட சாறு, பூண்டு தேய்த்த ரொட்டி, அப்புறம் மீன் தனியாக. நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் "புளி போட மறந்துட்டீங்க" என்று ஒரு பெரியம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

கமார்க்கைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ரோன் ஆறு கடலில் சேருகிற சதுப்பு நிலம், உப்பளம், வெள்ளைக் குதிரை, பூநாரை. கோடியக்கரைக்கு வருகிறதே, அதே பூநாரைதான். மிஸ்த்ரால் என்ற வடக்குப் பேய்க்காற்று அடித்ததில் பந்தல் துணி பறந்தது, காற்று நின்றதும் கொசு வந்தது, எது தேவலை என்று இன்னும் தெரியவில்லை. திடீரென்று இரண்டு பக்கமும் நெல்! தஞ்சாவூர்க்காரர் ஒருவர் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி வரப்பில் நின்றுவிட்டார்.

இந்த நெல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1939-40இல் ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கென்று அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமிலிருந்து சுமார் 20,000 பேரை, பலரைக் கட்டாயப்படுத்தியே, கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். 1940இல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றதும் அவர்களில் சிலரை இங்கே அனுப்பினார்கள். கமார்க்கில் முன்பே கொஞ்சம் நெல் உண்டு என்றாலும் சாப்பிடத் தகுந்த விளைச்சலாக நிலைத்தது அவர்கள் கையால்தான். அவர்களுக்கு கமார்க்கின் சலாங்-து-ஜிரோ ஊரில் நினைவுச்சின்னம் வைத்ததோ 2014இல். நம்மில் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பலவற்றில் அதே வியட்நாமின் சைகோனுக்குப் போய் வந்த தாத்தா ஒருவராவது உண்டு, அதனால்தானோ என்னவோ அந்தச் சின்னத்தின் முன்னால் யாரும் செல்ஃபி எடுக்கவில்லை.

அடுத்த வருடம் லாவெண்டர் ஜூலை முதல் வாரம், தேதியை வேறு யாராவது குறியுங்கள். கமார்க்கில் வாங்கிய சிவப்பரிசி இரண்டு மூட்டை இன்னும் என் கார் டிக்கியில் கிடக்கிறது, பணம் கட்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளவும்.

செயலாளர்