முதலில் திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையப் பாடத் தளத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகள் சொல்கின்றன. ஆனால் இணையப் பாடம் தயாரிக்க ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிகள் பலவும் பச்சைத் திரை, மைக், எடிட்டிங் என்பதோடு முடிந்துவிடுகின்றன.

பார்வையற்ற மாணவர் பாடக்குறிப்பைத் திறக்கும்போதுதான் கோளாறு தெரியும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா', கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிந்திருக்கும். நம் கண்ணுக்கு அது தமிழ். திரையில் இருப்பதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். கணினி தமிழாகவே அறியும் யூனிகோடு முறைக்கு மாற்றினால் போதும், ஒரு கோப்புக்குச் சில நிமிட வேலை. புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப் இன்னும் மோசம்: அதில் எழுத்தே கிடையாது, படம்தான். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது. வேர்டில் 'ஹெடிங்' பாணியைக் கொடுத்தால்தான் திரைவாசிப்பானில் எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும்.

பேச்சிலும் இதே சிக்கல்தான். "இதை இதோடு பெருக்கினால் இது வரும்" என்று பலகையைக் காட்டிச் சொன்னால், கேட்டு மட்டும் படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. "வேகத்தை நேரத்தோடு பெருக்கினால் தொலைவு" என்று வாயால் சொல்லிப் பழக வேண்டும். கைபேசியில் சின்னத் திரையில் பார்ப்பவருக்கும் இது உதவும்.

தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் தானியங்கி வசனவரிகள் கலைச்சொற்களைத்தான் முதலில் குதறும். திருத்தாமல் வெளியிட்டால் காது கேளாத மாணவர் தவறான சொல்லையே படிப்பார். 50 நிமிட வகுப்பை அப்படியே பதிவேற்றாமல், ஒரு கருத்துக்கு ஒன்றாக 6 முதல் 10 நிமிடத் துண்டுகளாக்கினால் திருத்துவதும் எளிது. கூடவே 64 கேபிபிஎஸ் ஒலிக்கோப்பு ஒன்றையும் வையுங்கள். 10 நிமிடப் பாடம் 5 எம்பிக்குள் அடங்கும். முன்பே பதிவிறக்கி வைத்தால், டேட்டா தீர்ந்த நாளிலும் கேட்கலாம்.

தேர்வைக் கடைசியில் ஒட்டவைக்கும் பழக்கமும் உண்டு. 'மாணவர் புரிந்துகொள்வார்' என்று நோக்கம் எழுதினால் அதை எப்படிச் சோதிப்பது? 'மின்தடையைக் கணக்கிடுவார்' என்று எழுதி, கேள்வியை முதலில் அமைத்து, அதற்கேற்பக் காணொளி எடுப்பதே சரியான வரிசை. இணைய வகுப்புகளும் தேர்வுகளும் நடத்த உதவும் மூடுல் தளத்தில் தேவைப்படும் மாணவருக்கு மட்டும் தேர்வு நேரத்தைக் கூட்டும் வசதி இருக்கிறது. அதைப் பயிற்சியில் செய்துகாட்டினால்தான் ஆசிரியர் பயன்படுத்துவார்.

எனவே வருகைப் பதிவை வைத்துச் சான்றிதழ் தர வேண்டாம். ஒவ்வோர் ஆசிரியரும் தன் பாடம் ஒன்றை, திரையை அணைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் வழியே முதலிலிருந்து கடைசிக் கேள்வி வரை முடிக்கட்டும். தடுக்கும் இடங்களைச் சரிசெய்த பின் சான்றிதழ் கொடுங்கள்.

இணையப் பாட வடிவமைப்பாளர்கள்,
திருச்சி