இரண்டு பொத்தான்களை அழுத்த முடியாதவர்களுக்கும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கைப்பேசிப் பக்கத்தில், ஸ்கிரீன்ஷாட், அதாவது திரையில் தெரிவதை அப்படியே படமாக எடுப்பது எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் ஒன்றாக அழுத்துங்கள்' என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. பதில் சரிதான். ஆனால் அந்த ஒரு வரி யாருக்குப் போதாது என்பதைத் தினமும் பார்க்கிறவள் என்பதால் எழுதுகிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில், கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மனு நாள். ஒடுகத்தூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் என்று நாலா பக்கத்திலிருந்தும் காலையிலேயே பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார்கள். மனுவோடு இணைக்க வேண்டிய காகிதம் பாதிப் பேருக்குக் கைப்பேசிக்குள்தான் இருக்கிறது. பணம் அனுப்பிய ரசீது, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்த எண், மின்கட்டணக் குறுஞ்செய்தி, மருத்துவமனைக்கு வரச் சொன்ன தேதி. "இதை அப்படியே எடுத்துக் கொடும்மா" என்று கைப்பேசியை நீட்டுவார்கள். "ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்" என்று நான் சொன்னதும் முகம் வாடிவிடும்.

போன மாதம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் ஆயா வந்தார். ஐம்பது வருடம் பீடி சுற்றிய கை. விரல் மூட்டுகள் வீங்கி, நடுவிரலும் மோதிர விரலும் உள்பக்கமாக வளைந்து நின்றுவிட்டன. கூகுள் பேயில் அனுப்பிய பணம் வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த ரசீதில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் வேண்டும் என்று வங்கியில் கேட்டிருக்கிறார்கள். நான் சொன்னபடி இரண்டு பொத்தான்களையும் அழுத்தினார். பவர் பொத்தான் ஒரு நொடி முந்திக்கொண்டது. திரை அணைந்து பூட்டிக்கொண்டது. மறுபடி எண்ணைப் போட்டுத் திறந்து அழுத்தினார். இந்தத் தடவை ஒலி முந்தியது. ஒலி அளவைக் காட்டும் கோடுதான் வந்தது. மூன்றாவது தடவை அழுத்திப் பிடித்தே இருந்தார். பேசியை அணைக்கவா என்று திரை கேட்டது. "எனக்கு வராதும்மா, நீயே எழுதிக் கொடு" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். 12 இலக்கத்தைக் கையால் எழுதி, அதில் ஓர் எண் மாறிப்போய், குடியாத்தத்திலிருந்து திரும்ப ஒருமுறை பஸ் ஏறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் விடவில்லை.

அவருடையது ரெட்மி பேசி. அதில் மூன்று விரலால் திரையை மேலிருந்து கீழே இழுத்தாலே படம் விழும். அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய் அதை இயக்கிக் கொடுத்தேன். மூன்றாவது விரல் நிமிரவில்லை, திரையைத் தொடவில்லை. அப்புறம்தான் எனக்கே உறைத்தது. திரையின் மேல் ஓரத்திலிருந்து ஒரு விரலால் கீழே இழுத்தால் வைஃபை, டார்ச் எல்லாம் வரிசையாக வருமே, அங்கே ஸ்கிரீன்ஷாட்டுக்கும் ஒரு கட்டம் உண்டு. அதை முதல் வரிசைக்குக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு விரலால் இழுத்தார், ஒரு முறை தொட்டார், படம் விழுந்துவிட்டது. ரசீதை எடுத்து முடித்த பிறகும் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. முகப்புத் திரையில் வைத்திருந்த ரத்தினகிரி முருகன் படத்தையும் எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

ஒரே காரியத்துக்கு இத்தனை வழி வைத்திருப்பது, கைகள் ஒரே மாதிரி இல்லை என்பதால்தான் என்று எனக்குப் படுகிறது. சாம்சங்கில் உள்ளங்கையின் விளிம்பைத் திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தேய்த்தால் போதும். அமைப்புகளில் 'மேம்பட்ட அம்சங்கள்' என்ற இடத்தில் அது இருக்கிறது. தேய்க்கும்போது விசைப்பலகை திறந்திருக்கக் கூடாது. ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் பேசிகளிலும் ரெட்மியைப் போல மூன்று விரல் இழுப்பு உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு உங்கள் ஒரு வரிப் பதில் பொருந்தவே பொருந்தாது. முகத்தைக் காட்டித் திறக்கும் ஐபோனில் பக்கப் பொத்தானோடு ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். கீழே வட்டப் பொத்தான் உள்ள பழைய மாடலில் அந்த வட்டத்தையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஐபோன் 8 முதல் வந்த பேசிகளில், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-க்குப் பிறகு, முதுகில் இரண்டு தட்டு தட்டினாலே எடுக்கும்படி வைத்துக்கொள்ளலாம். தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஒரு கையில் விரல்களை இழந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு அதைத்தான் வைத்துக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குள் பெரிய பெரிய பொத்தான்களோடு ஒரு மெனு இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டும் அதில் ஒன்று. பார்வை மங்கியவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. கூகுள் அசிஸ்டெண்ட் உள்ள பேசியில் வாயால் சொல்லியே எடுத்துவிடலாம்.

எடுத்த பிறகு வரும் சிக்கல்களையும் யாரும் எழுதுவதில்லை. கைப்பேசித் திரையைக் கறுப்புப் பின்னணியில் (டார்க் மோட்) வைத்திருப்பவர்கள் அப்படியே எடுத்து அனுப்புகிறார்கள். தாள் முழுக்கக் கறுப்பாக அச்சாகி, டோனர் தீர்ந்து, அதன் நடுவே எழுத்து மங்கலாகத் தெரியும். அதை மனுவோடு கொடுத்தால் யார் படிப்பார்கள்? எடுப்பதற்கு முன் வெள்ளைப் பின்னணிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று, நீள ஸ்கிரீன்ஷாட். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், படம் விழுந்ததும் கீழே தெரியும் குறியைத் தொட்டால் பக்கத்தின் மிச்சத்தையும் சேர்த்து எடுக்கலாம். கைப்பேசியில் படிக்க அருமையாக இருக்கும். அதையே ஏ4 தாளில் அச்செடுத்தால் நடுவில் ரிப்பன் போல ஒல்லியாக வந்து எழுத்து எறும்பாகிவிடும். அச்சுக்கு வேண்டுமென்றால் இரண்டு மூன்று துண்டாக எடுப்பதே மேல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ஆவணம் என்று தேர்ந்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வரும்.

சில வங்கிச் செயலிகளில் எப்படி அழுத்தினாலும் படம் வராது, அல்லது வெறும் கறுப்பாக வரும். பாதுகாப்புக்காகச் செயலியே தடுத்து வைத்திருக்கிறது. இது தெரியாமல், கைப்பேசி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுகிறார்கள். அல்லது பேரனின் கைப்பேசியால் அந்தத் திரையைப் போட்டோ பிடிக்கிறார்கள். டியூப் லைட் வெளிச்சம் சரியாக எண்ணின் மேலேயே விழுந்திருக்கும். செயலிக்குள்ளேயே ரசீதைப் பகிரவோ பிடிஎஃப் ஆக இறக்கவோ வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எங்கே ஸ்கிரீன்ஷாட் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பலருக்கு நஷ்டம் மிச்சமாகும். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிற பிள்ளைகள் கைப்பேசிச் செயலியில் முன்பதிவில்லாத டிக்கெட்டைக் காகிதமில்லாமல் எடுத்தால், பரிசோதகரிடம் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். டிக்கெட்டின் படத்தை நண்பனுக்கு அனுப்பி வைத்தால் அது டிக்கெட் ஆகாது. கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களும், பணம் போட்டுவிட்டேன் என்று யாராவது ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் அதை நம்பிப் பொருளைக் கொடுத்துவிடக் கூடாது. படத்தில் தொகையை மாற்றுவது இன்று சிறு பிள்ளைகளுக்கும் முடிகிற வேலை. நம் கணக்கில் பணம் ஏறியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஓடிபி தெரியும் திரையை யாருக்கும் எடுத்து அனுப்பக் கூடாது. என்னிடம் அச்செடுக்க வருபவர்களின் படங்களில் கணக்கின் இருப்புத் தொகை, ஆதார் எண், மகளின் குறுஞ்செய்தி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. படத்தைத் திறந்து ஓரத்தை இழுத்து வெட்டத் தெரிந்தால் அது எதுவும் என் கணினிக்கு வராது. நான் அச்செடுத்ததும் அழித்துவிடுகிறேன். எல்லாக் கடையிலும் அழிப்பார்கள் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? மோசடியில் பணம் போனவர்கள் மட்டும் எதையும் வெட்டாமல், நாளும் நேரமும் தெரியும்படி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, உடனே 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணை அழைக்க வேண்டும். படம் எடுத்தாகிவிட்டது என்று மூலச் செய்தியை அழித்துவிடக் கூடாது.

ஆசிரியர் அவர்களே, அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எந்தப் பேசிக்கு எந்த வழி என்று கையைப் படமாக வரைந்து, பெரிய எழுத்தில் போடுங்கள். கூடவே, இரண்டு பொத்தான்களை அழுத்த முடியாதவர்களுக்கான வழியை முதலில் போடுங்கள். என் கடைக் கண்ணாடியில் நானே ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்த தாள் வேலூர் வெயிலில் வெளுத்துவிட்டது. அந்தப் பக்கம் எந்த நாள் வரும் என்று முன்கூட்டி அறிவித்தால் ஏஜெண்டிடம் பத்துப் பிரதிகள் கூடுதலாகச் சொல்லி வைப்பேன். திங்கட்கிழமைக்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்