பதினாறு எழுத்துல நின்னுபோன கீபோர்டு

ஏலே மாப்ள,

எப்படி இருக்க? இங்க ஆனித் தேரு முடிஞ்சு ரத வீதியெல்லாம் இப்பதான் ஓஞ்சு கெடக்கு, சாயங்காலமானா தென்காசிச் சாரக்காத்து பாளையங்கோட்டை வரைக்கும் வருது, அம்மா உன்னய ரெண்டு தடவ கேட்டுட்டா.

க்யூஎமுன்னு, கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்குத சாஃப்ட்வேர் உள்ள, ரிஸ்க்-விங்குத வகை பிராசசர் மெஷின்ல ஓடுத மாதிரி ஒரு குட்டி ஓஎஸ் எழுதுதேன்னு சொன்னேன்லா, அதுல கீபோர்டும் டிஸ்பிளேயும் வந்துருச்சுலே! ரெண்டுமே விர்ட்ஐஓ, அதாவது நிஜ ஹார்டுவேர் கிடையாது, வெர்ச்சுவல் டிவைஸ். டிவைஸ் எழுதுறதுக்கு நாம மொதல்ல மெமரில காலி எடமா, அதாவது காலி பஃபரா, கியூல வரிசையாப் போட்டு வைக்கணும், பந்தில இலை போட்டாத்தான பரிமாறுவாங்க, அப்படித்தான். கீபோர்டு அனுப்புத ஒவ்வொரு சேதியும் ஒரு ஈவென்ட், அதுக்கு 8 பைட்டு. ஏ கீய அமுக்குனா டைப் 1, கோடு 30, வேல்யூ 1. கைய எடுத்தா வேல்யூ 0.

நான் 64 பஃபர் போட்டேன். அடிச்சுப் பாத்தா சரியா பதினாறு எழுத்து வருது, அப்புறம் கீபோர்டு செத்துப்போவுது. இன்டரப்ட்தான், அதாவது டிவைஸ் பிராசசரக் கூப்புடுத சிக்னல்தான், கோளாறுன்னு ரெண்டு ராத்திரி அதையே நோண்டுனேன். கடைசில வார ஈவென்ட்ட எல்லாம் சீரியல் போர்ட்டுல பிரின்ட் பண்ணுனேன், அமுக்குனா கீ ஒண்ணு, இத்தோட முடிஞ்சுதுன்னு சொல்லுத சின்க் ஒண்ணு, விட்டா இன்னும் ரெண்டு, ஆக எழுத்துக்கு நாலு, பதினாறு நாலு அறுவத்திநாலு! படிச்ச பஃபர நான் திருப்பிக் கியூல போடவே இல்ல. போட்டதும் ஓடிருச்சு, அந்நேரம் மணி மூணு, எனக்குத் தூக்கமே வரல.

டிஸ்பிளேல மெமரில பிக்சல எழுதுனா மட்டும் ஒண்ணும் தெரியாதுலே, ஹோஸ்டுக்கு, அதாவது க்யூஎமு பக்கத்துக்கு, டிரான்ஸ்ஃபர் பண்ணி, இப்பக் காட்டுன்னு ஃப்ளஷ்ஷும் சொல்லணும். பிக்சலுக்கு 4 பைட்டு, 1024க்கு 768 ஸ்கிரீன் முழுசுன்னா 3 எம்பி, எட்டுக்குப் பதினாறு பிக்சல்ல ஒரு எழுத்துன்னா 512 பைட்டுதான், அதனால மாறுன கட்டத்த மட்டும் அனுப்புதேன். இந்த வேலைய இன்டரப்ட் வந்ததும் ஓடுத ஹேண்ட்லர்ல வைக்கவே கூடாது, அங்க ஈவென்ட்ட எடுத்து ரிங் பஃபர்ல, அதாவது சுத்திச் சுத்தி நெரப்புத மெமரில, போட்டுட்டு வெளிய வந்துரணும், வரையுறதெல்லாம் மெயின் லூப்ல.

அப்புறம் ஆசையா நெல்லைன்னு காட்டிப் பாத்தேன் மாப்ள. மெமரில ந-வுக்குப் பெறவுதான் கொம்பு வருது, ஸ்கிரீன்லயும் அப்படியே பின்னாடி போயி நின்னுச்சு, ஐகாரமும் அதே கததான். ந-வ அழிச்சிட்டு கொம்ப முன்னாடி வச்சுத் திரும்ப வரையணும், அது டிவைஸோட பேசுத டிரைவர் வேல இல்ல, அதுக்கு மேல ஒரு அடுக்கு நான் எழுதணும். தமிழ் வராத ஓஎஸ்ஸ எழுதி நான் என்னத்தலே பண்ண?

காலேஜ்ல கட்டம் போட்ட நோட்ல எழுத்து எழுத்தா வரைஞ்சு வச்சிருந்தேல்லா, அது இருக்கா? ஆடி அமாவாசைக்கு வரும்போது எடுத்துட்டு வா, பாபநாசத்துல குளிச்சிட்டு வந்து ரெண்டு பேரும் உக்காருவோம்.