மலிவு நிலமும் வில்லங்கமும்

ஐயா,

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போடலாமா என்று கேட்டு எழுதும் நண்பர்களுக்காக இக்கடிதம். மேற்கு ஜாவாவின் காருட் பக்கம், சுண்டானிய இனத்தவரான என் மனைவியின் கிராமத்தில் வசிக்கிறேன். அடுக்கடுக்காக வயல், வீட்டோடு மீன்குளம், மாலையானால் மழை. வாழ்வதற்கு இனிய ஊர்தான்.

ஆனால் 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ‘ஹக் மிலிக்’ என்னும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கித் தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்பார் தரகர். அது செல்லாது, நிலமும் அரசுக்குப் போய்விடும். உள்ளூரில் மணம் முடித்தாலும் தீராது. கணவன் மனைவி சொத்தைத் தனித்தனியாகப் பிரித்து ஒப்பந்தம் எழுதாவிட்டால், வெளிநாட்டுக் கணவனுக்கும் அதில் பங்கு வருவதால் மனைவியின் உரிமைக்கே சிக்கல். திருமணத்துக்குப் பின்னும் அதை எழுதலாம் என 2016-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே நாங்கள் நோட்டரியிடம் போனோம்.

கிராமத்தில் பத்திரம் கேட்டால் சிலர் வரி ரசீதை நீட்டுவார்கள். அது உரிமைச் சான்று அல்ல. நில அலுவலகத்தில் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காருட்